வீடு இரண்டாகாத பதினோரு வாரங்கள்

என் மகள் பிறந்த முதல் பதினோரு வாரங்களில் எத்தனை முறை வாய்விட்டு அழுதாள் என்பதை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பிறந்த அன்று ஒரு முறை. தடுப்பூசி போட்ட அன்று ஒரு முறை, அதுவும் பாதியில் நின்றுபோனது. இன்னும் இரண்டு மூன்று முறை, தொண்டை கட்டியவர் கூப்பிடுவதுபோல கரகரவென்று ஒரு சத்தம். மற்றபடி தூங்கினாள்.

இதை எழுதுவது, கையில் ஒரு தூங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான். நான் அப்படிப் பெருமைப்பட்டவள்.

பிரசவம் புதுச்சேரியில், சுகப்பிரசவம். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது, இரண்டு நாள் கழித்துக் குழந்தையைக் கொண்டுவாருங்கள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டிலும் எழுதித் தந்தார்கள். நான் தாய் வீட்டுக்கு, மடுகரைக்குப் போனேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் வெயிலில் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று என் அம்மா சொல்லிவிட்டார். குழந்தைதான் நன்றாக இருக்கிறதே, ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்வளவு தூரமா என்று எனக்கும் தோன்றியது. அந்தச் சீட்டை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஜெசிந்தா என்று பெயர் வைப்பதாக முடிவாகியிருந்தது. ஜெசி, ஜெசி என்று கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பாள். பிறகு மூடிக்கொள்வாள். பால் குடிக்க ஆரம்பித்தால் நான்கு மடக்கு, உடனே தூக்கம். உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டும். மஞ்சள் காமாலை மூன்று வாரமாகியும் போகவில்லை. காலை வெயிலில் காட்டினோம். நான்கு நாளைக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போவாள். தொட்டால் தோல் குளிர்ந்திருக்கும். நாக்கின் நுனி எப்போதும் உதட்டுக்கு வெளியே தெரியும். அதை நாங்கள் அழகு என்று நினைத்துப் போட்டோ எடுத்தோம்.

என் கணவருக்குத் திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாரம் ஒரு நாள் மடுகரைக்கு வருவார். தூங்கும் மகளைப் பார்த்து, மகாராணி இன்றைக்காவது தரிசனம் கொடுப்பாளா என்று கேட்பார். நான் சிரிப்பேன். முதல் பிள்ளை, ராத்திரியில் எழுப்புவதில்லை, அடம் இல்லை. இப்படி ஒரு சமத்துக் குழந்தை யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது.

எங்கள் பக்கம் குழந்தையைப் பற்றி நல்லதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கண் பட்டுவிடும். கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிற நாங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. குண்டாக இருக்கும் குழந்தையை இளைத்துவிட்டது என்போம். சிவப்பாக இருந்தால் கன்னத்தில் மையை அப்புவோம். சமத்தாகத் தூங்கும் குழந்தையை, ஒரே அழுகை, தூக்கமே இல்லை என்போம். பார்க்க வந்தவர்களிடம் நான், அம்மா, என் கணவர் மூவரும் போட்டி போட்டுக்கொண்டு பொய் சொன்னோம். ஜெசியின் தொப்புள் வேறு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. பாவம், அழுது அழுதே தொப்புள் தள்ளிவிட்டது என்று வந்தவர்கள் இரக்கப்பட்டார்கள். எங்கள் பொய்க்கு அதுவும் சாட்சி சொன்னது. அந்தப் புடைப்பும் அதே நோயின் அடையாளம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐந்தாம் வாரம் ஊர் நர்ஸ் வீட்டுக்கு வந்தார். நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு முறையாகக் கேட்டார்.

"பாப்பா பால் நல்லா குடிக்குதா? நல்லா அழுவுதா?"

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. அவள் காதில் விழட்டும் என்றே சொன்னேன்.

"அழுகைக்கு இன்னா கொறச்சல் நர்சம்மா, வூடே ரெண்டாவுது."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். ஜெசி அப்போது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, இப்பதான் அசந்துதா, எழுப்ப வேணாம் விடு என்று கிளம்பிவிட்டார். அந்த அம்மாவை நான் எங்கே குறை சொல்வது? கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார்.

ஏழு வருடமாகிவிட்டது. தோசை வார்க்கும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, அந்தக் கேள்வியை அவர் மறுபடி என்னிடம் கேட்கிறார். நான் உண்மையைச் சொல்கிறேன். இல்லைங்க, அழவே மாட்டேங்குது, எனக்கே பயமா இருக்கு. அவர் நோட்டை மூடிவிட்டுத் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்குகிறார். இது நடக்காத காட்சி. ஆனாலும் நான் அதை விடுவதாக இல்லை.

பதினோராம் வாரம் ஞானஸ்நானம். வில்லியனூரை அடுத்த என் கணவரின் ஊர்க் கோயிலில் வைத்தோம். ஞானத்தாய் என் கணவரின் அக்கா ஸ்டெல்லா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பாகூர் பக்கம் அங்கன்வாடியில் டீச்சர். தினம் இருபது குழந்தைகளை இடுப்பில் ஏற்றி இறக்குகிற கை அவருடையது.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது குழந்தைகள் கத்துவது வழக்கம். அன்று ஜெசியோடு இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம். அவர்கள் இருவரும் கோயில் அதிரக் கத்தினார்கள். ஜெசியின் தலையில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. அவள் கண்ணை மெதுவாகத் திறந்து, மறுபடி மூடினாள். பின்னால் நின்றவர்கள், எவ்வளவு சமத்து என்று வியந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை, கூடவே எத்தனை பேர் கண் பட்டதோ என்ற பயம். அண்ணி மட்டும் குழந்தையின் தலையைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். ஜெசியின் கையைத் தூக்கி விட்டார். அது துணிபோல விழுந்தது.

"இவ எப்பவும் இப்டித்தானா?"

"இல்ல அண்ணி, வூட்ல ஒரே அழுகை. இன்னிக்குத்தான்…"

"எங்கிட்ட பொய் சொல்லாத லூர்து. நான் இன்னா கண்ணு வைக்கவா வந்தேன்?"

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறொரு குழந்தையின் கதைபோலக் கேட்டது. அதுவரை ஒவ்வொன்றாகப் பார்த்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் புதுச்சேரியில் குழந்தைகள் பிரிவு வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். ரத்தம் எடுக்க ஜெசியின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அப்போதும் முனகினாளே தவிர அழவில்லை. சாயங்காலம் முடிவு வந்தது. டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மிக அதிகம். தைராய்டு ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. தலைவர் கத்திக் கத்திக் கூப்பிடுகிறார், வேலைக்காரர் வரவே இல்லை என்று டாக்டர் விளக்கினார். சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார்.

நோயின் பெயர் பிறவி ஹைப்போதைராய்டிசம் (பிறக்கும்போதே தைராய்டு ஹார்மோன் குறைவாக இருத்தல்). ஸ்கேனில் காரணமும் தெரிந்தது. கரு உருவாகும்போது இந்தச் சுரப்பி நாக்கின் அடியில் முளைத்து, மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வந்து சேர வேண்டுமாம். ஜெசிக்கு அது நாக்கின் அடியிலேயே, சின்னத் துணுக்காக நின்றுவிட்டிருந்தது. வயிற்றில் இருந்தவரை என் ரத்தத்திலிருந்து கொஞ்சம் ஹார்மோன் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. தொப்புள்கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றது. அவளுக்கு வேண்டியது என் உடம்புக்குள் இருந்தவரை கிடைத்தது, என் கைக்கு வந்த பிறகுதான் கிடைக்கவில்லை. இந்த எண்ணத்தோடு நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

நான் கேட்க நினைத்தது ஒரே கேள்வி. அதைக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தேன்.

"மூளைக்கு எதாச்சும் ஆயிடுச்சா டாக்டர்?"

"முதல் ரெண்டு மூணு வருஷம் மூளை வளர்றதுக்கு இந்த ஹார்மோன் ரொம்ப முக்கியம்மா. முதல் ரெண்டு வாரத்துலயே ஆரம்பிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். போனது எவ்வளவுன்னு என்னால இப்ப சொல்ல முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம்."

பதினோரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்தைக் கழித்தால் ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரம் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

எந்த உப்பு பயன்படுத்துகிறீர்கள் என்றும் டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் சமையலுக்குக் கல் உப்பு. உப்பளத்திலிருந்து மூட்டையாக வண்டியில் வருவது. அயோடின் கலந்த உப்பு கசக்கும் என்பது என் அம்மாவின் தீர்ப்பு. இதைக் கேட்டதும் என் கணவர் வீட்டில் சிலர், மடுகரை உப்புதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார். தைராய்டு ஹார்மோனைச் செய்வதற்கு அயோடின்தான் மூலப்பொருள். கர்ப்பிணிக்கு அது மிகவும் குறைந்தால், நல்ல சுரப்பியோடு பிறக்கும் குழந்தைக்கும் மூளை வளர்ச்சி பின்தங்கலாம். ஆகவே அயோடின் உப்புக்கு மாறுங்கள். ஆனால் ஜெசியின் சுரப்பி இடம் மாறி நின்றதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் உப்பு மாறியது. கல் உப்பு திருஷ்டி சுற்றிப் போட மட்டும் ஒரு டப்பாவில் மிஞ்சியது.

ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியனூர் நிறுத்தம் வந்ததும் சொன்னார், "பாண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு வில்லியனூர்லயே எறங்கிட்டிச்சி போல அந்தச் சுரப்பி." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது. அவர் என் தோளைத் தொடவில்லை. அவருக்கும் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

மருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. லெவோதைராக்ஸின் (உடல் செய்ய வேண்டிய அதே ஹார்மோன், மாத்திரையாக). காலையில் அதைப் பொடித்து, கரண்டியில் சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்ட வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதுவும் கொடுக்கக் கூடாது. இரும்புச் சத்து, கால்சிய மருந்துகளை மணிக்கணக்கில் தள்ளித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சேராது. வாழ்நாள் முழுவதும், ஒரு நாளும் விடாமல்.

மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில்தான். ஜெசி கை கால்களை உதைத்து, முகமெல்லாம் சிவக்க, பசிக்காக அழுதாள். ஓடிப்போய்த் தூளி அருகே நின்றேன். உடனே தூக்கவில்லை. ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பசித்த பிள்ளையை அழவிட்டு ரசித்த தாய் என்று என்னைச் சொல்லலாம். எனக்கு அந்த ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்ததைக் குணமடைதல் என்றுதான் சொல்ல வேண்டும். தோல் மிருதுவானது. நாக்கு உள்ளே போனது. தொப்புள் தானாகவே அடங்கியது. மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் ஒவ்வொன்றும் தாமதம். கழுத்து நிற்க ஆறு மாதம். நடக்க இருபது மாதம். இரண்டரை வயதில் முதல் சொல், "இந்தா." அம்மா என்று சொல்ல இன்னும் நான்கு மாதம் காத்திருந்தேன். அண்ணி அவளைப் பாகூருக்குக் கூட்டிப்போய்த் தன் அங்கன்வாடியில் உட்காரவைத்து, பந்து உருட்டி, படம் காட்டிப் பேசவைத்தார். பள்ளியில் ஒரு வருடம் தாமதமாகச் சேர்த்தோம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கணக்கு மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. பத்துக்கு மேல் போனால் எண்கள் கூட்டத்தில் கலைந்துவிடுகின்றன. ஒன்றைக் கேட்டால் பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தைத் தாங்க முடியாமல் பதிலை நானே சொல்லிவிடுவேன். இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன். பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு இன்னொரு ஜெசி இருக்கிறாள். நான்காம் நாள் குதிகாலில் ரத்தம் எடுக்கப்பட்டவள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என் மகள் என் விரலைப் பிடித்து நடக்க, அந்த இன்னொருத்தி பத்தடி முன்னால் ஓடுகிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், திரும்பி என்னைக் கேலி செய்கிறாள். அவள் முகமும் இதே முகம்தான். அவளை நான் பெற்றேன், வளர்க்கவில்லை. அவளுக்காக எனக்கு ஏக்கம் இருக்கிறது. பக்கத்தில் நடக்கிறவளுக்கு இதனால் துரோகம் செய்கிறேனோ என்று பயமும் இருக்கிறது. எல்லாம் கடவுள் சித்தம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் சீட்டை மடித்து வைத்தது கடவுள் இல்லை.

போன வருடக் கடைசியில் எனக்கு மகன் பிறந்தான். கர்ப்பம் தெரிந்த வாரமே என் தைராய்டைச் சோதித்துக்கொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு, ரத்தம் எடுக்காமல் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை பச்சை உடம்பு என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிகாலில் ஊசி பட்டதும் அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் எழுந்துவிட்டது. முடிவு வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அம்மா அந்தக் கல் உப்பு டப்பாவைத் தேடிப் போனார்.

மடுகரைக்கு அதே நர்ஸ் வந்தார். முடி நரைத்திருந்தது. நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். பாப்பா நல்லா அழுவுதா?

ஏழு வருடமாக நான் ஒத்திகை பார்த்த பதில் இந்தக் குழந்தைக்குப் பொருந்தவில்லை. என் வாயில் அந்தப் பழைய வாக்கியமே வந்தது. அழுகைக்கு இன்னா கொறச்சல் நர்சம்மா, வூடே ரெண்டாவுது. பொய்யில்லை என்று காட்ட மகனைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அவன் அவருடைய காதருகே வீறிட்டான். அவர் எழுதிக்கொண்டார். ஜெசி நிலைப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெசி மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தாள். பெரிய முள் ஆறுக்கு வந்தால் பால். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் நாள் இந்த வெறும் அரை மணி நேரத்தோடுதான் தொடங்குகிறது. நல்ல நாள், பெருநாள், காய்ச்சல் நாள் எல்லாவற்றுக்கும் இதே வாசல். அவள் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தூளியில் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா, நான் பாப்பாவா இருக்கச்சே வூட்ட ரெண்டாக்கனனா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளிடமும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லடி. நீ அழவே இல்ல. ஒடம்புல இந்த மாத்திர மருந்து இல்லாம இருந்துச்சி. அம்மாவுக்குத் தெரியல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது. வழக்கமாகச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இன்னொருத்தியை அன்று காணவில்லை.

"அப்ப இப்ப அழட்டா?" என்று கேட்டாள்.

சரி என்று தலையை ஆட்டினேன். அவள் கால்களை நீட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக மூடி, பாப்பா மாதிரியே வீறிட்டு அழுதாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அழுதாள். தூளியில் தம்பி திகைத்து நிறுத்திவிட்டான். என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்து, இன்னாச்சி என்று கையாலேயே கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "அவ அழட்டும்."

பெரிய முள் ஆறைத் தாண்டி எட்டுக்குப் போய்விட்டது. பாலை நான் இன்னும் அடுப்பில் வைக்கவில்லை.